நூல் கட்டிய குழாய்

குழாய் பார்க்க வந்தவர்
ஒரு தடவை திருகிப் பார்த்தார்.
"வாஷர் இல்லமா, பாடியே பூட்ச்சு.
மாத்தணும்னா ஆயிரத்து எரநூறு."
டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி
காஜாவுக்கு வைத்திருந்த நைலான் நூலில்
ஒரு முழம் வெட்டி
குழாய் மூக்கில் கட்டி
நுனியை வாளிக்குள் விட்டேன்.
சொட்டு நிற்கவில்லை.
ஆனால் நேரம் கழித்து வருகிறவன்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படியிறங்குவது மாதிரி
நூலைப் பிடித்துக்கொண்டு
சத்தமில்லாமல் இறங்குகிறது.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
ஐப்பசி பிறந்தால் கதவு ஊதிக்கொள்ளும்.
தோளால் முட்டித்தான் உள்ளே வருவோம்,
எங்கள் வீட்டுக்கே திருட வந்ததுபோல.
மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திக் கட்டையை
விளிம்பெல்லாம் தேய்த்தேன்.
இப்போது ஒரு விரலுக்குத் திறக்கிறது.
காற்றுக்கும் திறக்கிறது.

கடல் காற்றில் உப்பு தண்ணி விட்டால் பத்து அரிசி.
பையன் பையில் ஜிப் மாட்டினால் பென்சில் முனை.
பால் பாத்திரத்தின் குறுக்கே ஒரு மரக்கரண்டி,
பொங்கி வந்த பால் அதைத் தொட்டதும்
பெரியவரைப் பார்த்ததுபோல் உட்கார்ந்துவிடும்.
எறும்புக்கு மஞ்சள்தூளில் கோடு கிழித்தேன்.
வெள்ளிக்கிழமைக் குளியலுக்குப் பூசுவதுபோல் பூசிக்கொண்டு
வரிசை கலையாமல்
சர்க்கரை டப்பாவுக்கே போயின.

கரித்தூளுக்கு
பெஞ்சமினின் பழைய லுங்கி.
நனைத்து ஜன்னலில் கட்டிவிட்டால்
சாயங்காலம் பிழியும்போது வாளி முழுக்க மை.
பையன் பரீட்சையே எழுதலாம் அதில்.

பெஞ்சமின் அந்தத் தூளுக்குள்ளேதான் இருக்கிறான்,
ஜீரோ கேட்டுக்குப் போகும் டிரெய்லர் வரிசையில்,
நேற்று மத்தியானத்திலிருந்து.
"காசிமேடு வந்துட்டேன்" என்று போன் வரும்.
நாலு மணி நேரம் கழித்து
"காசிமேட்லதான் கீறேன்."
ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்குவான்.
முன்வண்டி நகர்ந்தால் பின்வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான்.
அது அவன் கண்டுபிடித்த அலாரம்.

வண்டி டியூ ஐந்தாம் தேதி.
இன்றைக்கு நாலு.

பதினோரு வருஷ மோதிரம்.
சோப்பு போட்டேன், தேங்காய் எண்ணெய் விட்டேன்,
எதிர்வீட்டு மீன் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி
கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தேன்.
கணுவைத் தாண்டவில்லை.

மாடியிலிருந்து ஜபீன் வந்தாள்.
விரலைப் பார்த்தாள்.
"நூல் கீதா?" என்றாள்.
குழாயில் கட்டியதற்கு மிச்சம் இருந்தது.
மோதிரத்துக்கு அடியில் ஒரு முனையைச் செருகி
மறுமுனையைக் கணு தாண்டும்வரை
இழையோடு இழை ஒட்டச் சுற்றினாள்.
விரல் நாவல்பழம் ஆயிற்று.
பிறகு செருகிய முனையைப் பிடித்து
மெதுவாகப் பிரித்தாள்.
ஒரு சுற்றுக்கு ஒரு நெல் நகர்ந்தது மோதிரம்.
அவள் தரையில் குந்தியிருந்தாள்,
என் கை அவள் மடியில்.
குழாய்ச் சத்தம்கூட இல்லை.

எதற்கு என்று கேட்கவில்லை.
கழன்றதைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டு
"எங்கூட்டு கேஸ் லைட்டர் அடிக்கவே மாட்டேங்குது,
இன்னா பண்றது?" என்றாள்.
"கொஞ்ச நேரம் வெயில்ல வை."

சேட்டு எடை போட்டார், சீட்டு எழுதினார்.
எம்.சி. ரோட்டில் ஒரு கடை விடாமல்
கண்ணாடியில் என் கை தெரிந்தது.
மோதிரம் இல்லாததை பெஞ்சமின் கவனிக்கமாட்டான்.
காஜா காசு சேர்ந்தது என்றால் நம்புவான்.
ஆனால் அது இருந்த இடத்தில்
சூரியனே பார்க்காத ஒரு வெள்ளை வளையம்,
அது சும்மா இருக்காது.

வீட்டுக்கு வந்து
ஜன்னல் லுங்கியை விரலால் ஒரு தடவு,
விரலைச் சுற்றி ஒரு தடவு.
கை நிறம் வந்துவிட்டது, கிட்டத்தட்ட.
சோறு பிசையும்வரை தாங்கும்.